கதவு மூடிய தேவாலயங்களும் நம் கையிலுள்ள அமானிதமும்

ஒரகடம் தொழிற்பேட்டையின் வாகன ஆலைகளையும் கிடங்குகளையும் கடந்து சற்று உள்ளே சென்றால் வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் வரும். 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை இவ்வூர் மேடொன்றில் அகழாய்வு நடத்தியது. மிகப் பழைய மனிதர் செதுக்கிய கற்கருவிகள், ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள், கண்ணாடி மணிகள், பல்லவர் காலச் சிற்பங்கள் ஆகியவை அங்கிருந்து வெளிவந்தன. ஒரே மேட்டில் பல காலத்து மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள், தத்தம் முறையில் வழிபட்டிருக்கிறார்கள், பின்னர் போய்விட்டிருக்கிறார்கள்.

இன்று அதே வட்டாரத்திற்குப் பிழைப்புத் தேடிப் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஜும்ஆ நாளில் முன்பின் அறியாத முகங்கள் நம் பள்ளிகளின் ஸஃப்புகளை நிறைக்கின்றன. ஆலை இருக்கும்வரை ஆட்கள் இருப்பார்கள்; ஆட்கள் இருக்கும்வரை ஜமாஅத் இருக்கும். ஆலை இடம் மாறினால் என்னவாகும்? வணிகத்திற்கும் வேலைக்கும் வந்தவர்கள் எழுப்பிய இறையில்லங்கள், அவர்கள் சென்ற பிறகு என்ன ஆயின? இக்கேள்விக்குத் தமிழகத்துப் பழைய தேவாலயங்களின் வரலாறு தெளிவான விடைகள் தருகிறது. பிறர் வழிபாட்டில்லங்களின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். அதில் நமக்கான எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் பேண வேண்டிய நீதியும் இருக்கிறது.

கடல் கொண்டவை

தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டார் 1620 முதல் வணிகம் செய்தனர். 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே தமிழ்க் கிறித்தவர்களுக்காக எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். ஆனால் கரையை அரித்து வந்த கடல் அக்கட்டடத்தை நிலைக்கவிடவில்லை. கடலிலிருந்து சற்று விலகிப் புதிய எருசலேம் ஆலயம் எழுப்பப்பட்டு 1718இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே இறந்துபோன சீகன்பால்கு அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். வெளிநாட்டார் போனாலும் உள்ளூர்ச் சபை இருந்தது. ஆகையால் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அங்கு வழிபாடு நடக்கிறது.

தனுஷ்கோடியின் கதை வேறு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்ட தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி மணலில் நிற்கின்றன. சுற்றுலா வருவோர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு ஊர்களிலும் இறையில்லத்தைத் தாக்கியது கடல்தான். தரங்கம்பாடியில் மறுபடி கட்டுவதற்கு மக்கள் இருந்தார்கள். தனுஷ்கோடியில் மக்களே எஞ்சவில்லை.

மணி ஒலிக்கிறது, கேட்போர் இல்லை

சென்னை பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு என்றொரு தெரு உண்டு. பாரசீகத்தின் ஜுல்ஃபாவிலிருந்து வந்த ஆர்மீனிய வணிகர்கள் ஒரு காலத்தில் மதராஸின் பெருஞ்செல்வர்கள். துணி, பட்டு, இரத்தினம் என அவர்கள் தொடாத வணிகம் இல்லை. 1712இல் முதல் தேவாலயத்தைக் கட்டினர். இப்போதுள்ள கட்டடம் 1772ஆம் ஆண்டினது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது அவர்களின் தாயகத்தில் அன்று, மதராஸில்தான்! அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மவோன்யான் இந்த ஆலய வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்.

வணிகம் கல்கத்தாவுக்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்தது, ஆர்மீனியர்களும் நகர்ந்தனர். இன்று சென்னையில் அச்சமூகம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆயினும் ஆலயம் இடியவில்லை, கடைகளாகவும் மாறவில்லை. கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு அதனைப் பராமரிக்கிறது. தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. ஞாயிறுதோறும் அவற்றை ஒலிக்கச் செய்யும் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது. அழைப்பு இருக்கிறது, அழைப்பை ஏற்று வரச் சபை இல்லை. பாங்கு சொல்லப்பட்டும் ஒரு ஸஃப்பும் நிறையாத பள்ளியை எண்ணிப் பார்ப்போருக்கு அந்த மணியோசையின் துயரம் விளங்கும்.

முன்னோர் சொத்தை முறையாக எழுதிவைத்தார்கள். தொலைவிலிருந்தாலும் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்தது. எனவே சமூகம் கலைந்த பின்னும் கட்டடம் காக்கப்பட்டது. நம்மிடையே வக்ஃப் என்னும் ஏற்பாட்டின் நோக்கமும் இதுவே.

அதிகாரம் கைமாறியபோது

கடலும் காலமும் செய்வதை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். மனிதன் மனிதனுக்குச் செய்வது மறப்பதற்கு அரிது. சென்னை வேப்பேரியின் வரலாறு அதற்குச் சான்று.

கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஜுல்ஃபாவிலிருந்து வந்த ஆர்மீனியர், கத்தோலிக்கர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவர் அவரே. பரங்கிமலைக்கு ஏறும் படிகளைச் செப்பனிட்டு அமைத்தவரும் அவரே. வேப்பேரியில் அற்புத மாதா பெயரில் ஒரு சிற்றாலயத்தையும் தம் பொருளால் எழுப்பினார்.

1746இல் பிரெஞ்சுப் படை மதராஸைக் கைப்பற்றியது. உஸ்கான் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர மறுத்தார். அதற்காகத் தம் உடைமைகளையும் இழந்தார். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு இருந்தது. சிலர் மீதான ஐயம் சமயத்தார் அனைவர் மீதும் தண்டனையாக இறங்கியது. கோட்டைக்குள் கப்புச்சின் துறவிகள் வைத்திருந்த தேவாலயம் பறிக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. உஸ்கான் 1751இல் இறந்தார். அவர் கட்டிய வேப்பேரி ஆலயம் 1752இல் புராட்டஸ்டண்டு மிஷனரியான ஃபெப்ரீஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆங்கிலேயருக்காக இழப்பைத் தாங்கிய மனிதரின் ஆலயமே ஆங்கிலேயரின் ஆணையால் வேறு சபைக்குப் போயிற்று.

ஃபெப்ரீஷியஸைக் குறை கூறுவதும் எளிதன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவருடைய மிஷன் தன் இடத்தை இழந்திருந்தது. அவர் பழவேற்காட்டில் அடைக்கலம் தேட நேர்ந்தது. இடமற்றவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அது இன்னொருவரின் இடம். வேப்பேரியிலிருந்து அவர் செய்த தமிழ்ப்பணி பெரிது. பைபிளைத் தமிழாக்கினார்; 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறியும் அவரிடமே வந்து சேர்ந்தது. நல்ல பணிகள் நடந்தன என்பதால் தொடக்கத்தில் நேர்ந்த அநீதி நீதியாகிவிடாது. அநீதி நேர்ந்தது என்பதால் பின்வந்த பணிகளும் பொய்யாகிவிடமாட்டா. வரலாற்றைப் படிப்பவர் இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு இப்போதைய தூய மத்தியா ஆலயம் எழுந்தது. உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. வேறு சபையின் நிலத்தில் அவர் உறங்குகிறார். அவருடைய இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஒரே ஊர், ஒரே ஆண்டு

பாக்கு நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணம். போர்த்துக்கேயர் அங்குக் கட்டிய கோட்டைக்கும் அற்புத மாதாவின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஆலயங்கள் டச்சுச் சபையின் வசமாயின. கத்தோலிக்கர்கள் வீடுகளுக்குள் மறைந்து வழிபட்டனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் என்னும் பாதிரியார் யாசகர் வேடத்தில்தான் அந்த ஊருக்குள் நுழைய முடிந்தது.

1706இல் டச்சுக்காரர் கோட்டைக்குள் சிலுவை வடிவில் பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டினர். அவர்களுடைய ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. கட்டடம் மேலும் இருநூறு ஆண்டுகள் நின்றது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த போரில் அது தகர்ந்தது. இன்று அங்கே கற்குவியலே மிச்சம்.

அதே 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அதே யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவில் வாழ்ந்த முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வட மாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அவ்வாறு விரட்டப்பட்டனர். தமிழ் பேசும் மக்கள், தமிழ் பேசும் மக்களாலேயே வெளியேற்றப்பட்டார்கள். ஐவேளையும் பாங்கொலி எழுந்த பள்ளிவாசல்களில் ஒலி அடங்கியது, கூரைகள் சரிந்தன, முற்றங்களில் செடிகள் மண்டின. போர் முடிந்த 2009க்குப் பின் ஒரு பகுதியினரே திரும்பினர். பள்ளிகள் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்பட்டன.

அவ்வூர்க் கோட்டைத் தேவாலயத்தின் இடிபாட்டைப் பார்க்கும் ஒரு முஸ்லிம் அதை வேற்றாரின் கற்குவியல் என்று கடந்துபோக முடியுமா? தொழுவோர் அற்றுப்போன இல்லத்தின் மௌனத்தை நாமும் அறிவோம். 1992 டிசம்பர் 6க்குப் பிறகு இந்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

உமர் (ரழி) தொழாத இடம்

சூரத்துல் ஹஜ்ஜின் நாற்பதாவது வசனத்தில் துறவியர் மடங்களும், கிறித்தவர், யூதர் ஆகியோரின் வணக்கத்தலங்களும், பள்ளிவாசல்களும் ஒருசேரக் குறிப்பிடப்படுகின்றன. மக்களில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுத்திராவிட்டால் இவையெல்லாம் அழிக்கப்பட்டிருக்கும் என்பது அதன் கருத்து. நம் பள்ளிகளைப் பற்றிய அக்கறையோடு பிறருடைய வழிபாட்டில்லங்களைப் பற்றிய அக்கறையும் அங்கே இணைந்து நிற்கிறது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஜெரூசலம் முஸ்லிம்களிடம் வந்தபோது கலீஃபா உமர் (ரழி) அவர்கள் அந்நகருக்குச் சென்றார்கள். தேவாலயங்களில் எவரும் குடியேறக் கூடாது, அவை இடிக்கப்படக் கூடாது என்று நகர மக்களுக்கு அவர்கள் அளித்த பாதுகாப்பை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். தொழுகை நேரம் வந்தபோது புனிதக் கல்லறைத் தேவாலயத்திற்குள்ளேயே தொழுமாறு தலைமை ஆயர் சொஃப்ரோனியஸ் வேண்டினார். உமர் (ரழி) மறுத்து, வெளியே தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், உமர் தொழுத இடமென்று சொல்லிப் பிற்கால முஸ்லிம்கள் அதனைக் கிறித்தவரிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சியதே அதற்குக் காரணம் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

வென்றவர் தம் சொந்தச் சமூகத்தின் வருங்கால ஆசையை முன்னறிந்து அதற்கு அணை போட்டார். ‘முன்பு எங்களவர் இங்கே வழிபட்டார்’ என்ற வாதம் எத்தனை இல்லங்களை இடித்திருக்கிறது என்பதை அறிந்த நாம், அந்த அணையின் மதிப்பை உணர வேண்டும். இந்தியாவில் 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டமும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் பிறந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டுத் தலம் எந்தத் தன்மையில் இருந்ததோ, அத்தன்மையிலேயே அது நீடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாபரி மஸ்ஜித் வழக்கு மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டது.

ஜெரூசலத்தின் அந்தத் தேவாலயக் கதவைப் பற்றி இன்னொரு செய்தி. அதன் சாவியை வைத்திருப்பதும், அன்றாடம் கதவைத் திறந்து மூடுவதும் நூற்றாண்டுகளாக ஜூதா, நுசைபா என்னும் இரு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பு. அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா?

நம் வரலாற்றில் இதற்கு மாறானவையும் நடந்தன. இஸ்தான்புல்லின் ஆயா ஸோஃபியா 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஸ்பெயினின் கொர்தோபாவிலோ பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாக்கப்பட்டது. இன்றும் அது தேவாலயம்தான். கொர்தோபாவுக்காகக் கண் கலங்குவோர், ஆயா ஸோஃபியாவுக்காகக் கலங்குவோரின் மனத்தையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நீதியின் பாற்பட்டது.

விலை கொடுத்து வாங்கிய இல்லம்

இன்று ஐரோப்பாவில் தேவாலயங்கள் மூடப்படுவதற்குப் போரோ படையெடுப்போ காரணமில்லை. வருவோர் குறைந்துவிட்டனர், கூரையைப் பழுதுபார்க்கும் செலவோ குறையவில்லை. எனவே விற்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று 2006 முதல் புத்தகக் கடையாக இயங்குகிறது. வேறு சில குடியிருப்புகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன.

லண்டனின் பிரிக் லேன் ஜும்ஆப் பள்ளியில் தொழுத தமிழ்ச் சகோதரர்கள் நம்மில் பலர் இருப்பர். பிரான்ஸிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் கிறித்தவர்கள் 1743இல் அதைத் தேவாலயமாகக் கட்டினர். நெசவாளர்களான அவர்கள் காலப்போக்கில் இடம்பெயர, 1819இல் மெதடிஸ்டுகளின் ஆலயமாயிற்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் 1898இல் அதைத் தங்கள் தொழுகையிடமாக்கினர். அவர்களும் வேறு பகுதிகளுக்குச் சென்றபின், சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காள முஸ்லிம்கள் விலைக்கு வாங்கி, 1976இல் பள்ளிவாசலாகத் திறந்தனர். 1743ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட சூரியக் கடிகாரம் இன்றும் அதன் சுவரில் உயரத்தில் இருக்கிறது. நாமெல்லாம் நிழல்களே என்னும் பொருள்படும் லத்தீன் சொற்கள் அதில் உள்ளன. வாங்கியவர்கள் அதைப் பெயர்த்தெறியவில்லை. முன்னிருந்தவர்களின் சுவடு அவர்களின் தொழுகைக்குத் தடையாகவும் இல்லை.

வேப்பேரியில் ஆலயம் கைமாறியதற்கும் பிரிக் லேனில் கைமாறியதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னதில் உரியவரின் சம்மதம் இல்லை, பின்னதில் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

அயல்நாடுகளில் தேவாலயம் ஒன்று விற்பனைக்கு வந்து நம் ஜமாஅத் வாங்கினால், அதை வெற்றியாக முழங்க வேண்டாம். ஒரு சமூகம் தன் பெற்றோரின் ஜனாஸாவையும் பிள்ளைகளின் திருமணத்தையும் நடத்திய இடம் அது. அங்குள்ள கல்லறைகளும் கல்வெட்டுகளும் பேணப்பட வேண்டும். அவர்களுடைய முதியோர் எப்போதாவது பார்க்க வந்தால் வாசலில் வரவேற்கப்பட வேண்டும்.

நம் ஊர்களில் செய்ய வேண்டியது இன்னும் அருகில் இருக்கிறது. பிள்ளைகள் நகரங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, ஃபஜ்ருக்கு நான்கு முதியவர்களே நிற்கும் பள்ளிகள் நம்மிடையே உண்டு. அவற்றின் வக்ஃப் ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன? எல்லைகள் அளக்கப்பட்டுள்ளனவா? இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்துப் பொறுப்பேற்கப் போவது யார்? ஆர்மீனியர்கள் இக்கேள்விகளுக்கு விடை வைத்துவிட்டுச் சென்றார்கள். ஆள் பெருகிய ஊர்களிலோ வேறொரு தவறு நடக்கிறது. கல்தூண்களும் தமிழ், அரபுக் கல்வெட்டுகளும் கொண்ட பழம்பள்ளிகளை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுகிறோம். பகைவர் கை படாமலேயே நம் வரலாறு நம் கையால் அழிகிறது. இடிக்க நேர்ந்தாலும் கல்வெட்டைப் படியெடுத்து, படம் பிடித்து, அதே வளாகத்தில் பாதுகாப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆர்மீனியன் தெருவுக்குச் சென்று வாருங்கள். வேப்பேரியில் உஸ்கானின் கல்லறையைக் காட்டுங்கள். இந்த மண்ணில் வணிகம் செய்து, பாலம் கட்டி, இறைவனைத் தம் வழியில் வணங்கி மறைந்த மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள். வடக்குப்பட்டு மேட்டைப் போல நாம் வாழும் தெருவும் ஒருநாள் மண்ணுக்கடியில் போகலாம். அப்போது தோண்டுகிறவர்கள் நம் கட்டடங்களின் உயரத்தை அளப்பார்கள். அல்லாஹ் கேட்கப் போவதோ, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதையும் பிறருக்கு உரியதையும் நாம் எவ்வாறு பேணினோம் என்பதை.

தன் இல்லங்களைத் தொழுவோரால் நிரப்பவும், பிறர் உரிமையில் வரம்பு மீறாத உள்ளத்தை நமக்குத் தரவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.